பன்னிரண்டாவது நிமிடம்

வீட்டில் கம்ப்யூட்டர் கேம் ஆடும் பிள்ளை இருந்தால் இந்தப் புகாரை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஆட்டம் தொடங்கும்போது ஒரு குறையும் இல்லை. கார் வழுக்கிக்கொண்டு போகிறது. கண்ணாடியில் மழைத்துளி பட்டுச் சிதறுவதுவரை தெரிகிறது. பத்துப் பன்னிரண்டு நிமிடம் போனதும் படம் திக்கத் தொடங்குகிறது. கார் விட்டுவிட்டு நகர்கிறது. கேபினெட்டுக்குள்ளிருந்து மிக்ஸியில் வறமிளகாய் அரைப்பதுபோல ஒரு சத்தம். அணைத்துவிட்டு அரைமணி கழித்துப் போட்டால் மறுபடி எல்லாம் சரி. மறுபடி பன்னிரண்டாவது நிமிடம், மறுபடி திக்கல்.

இது விநோதம்தான். பழுதான பொருள் எப்போதும் பழுதாகத்தானே இருக்க வேண்டும்? ஃபியூஸ் போன பல்பு பத்து நிமிடம் எரிந்து காட்டிவிட்டு அணைவதில்லை. அது என்ன, கடிகாரம் பார்த்து வருகிற பழுது?

மே மாதம் ஒன்றில் மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது இந்தப் புதிர் என் கையில் வந்து விழுந்தது. அக்கா மகன் கல்லூரி முதலாண்டு முடித்திருந்தான். "மாமா, கார்டு போயிருச்சு, புதுசு வாங்கணும்" என்றான். புதுசு என்றால் இருபதாயிரத்துக்கு மேல். அக்கா என்னைப் பார்த்த பார்வையில், எதையாவது செய்து அந்த இருபதாயிரத்தைக் காப்பாற்று என்ற வேண்டுகோள் இருந்தது. மூன்று மணி நேரம், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பெயின்ட் பிரஷ், சமையலறையில் இருந்த ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர். இந்த அத்தியாயம் அந்த மூன்று மணி நேரத்தின், அதன் மறுநாளின் கதை.

இஸ்திரிப் பெட்டியும் கட்டைவிரல் நகமும்

கிராஃபிக்ஸ் கார்டு என்பது பார்வைக்கு ஒரு செங்கல் அளவுப் பெட்டி. அதில் முக்கால்வாசி உலோகத் தகடும் விசிறியும்தான். உண்மையில் கணக்குப் போடுவது உள்ளே இருக்கும் ஒரு சின்னச் சிலிக்கான் சில்லு: வரைகலைச் செயலி. மருமகனுடைய கார்டு நடுத்தர ரகம். அதன் சில்லு கட்டைவிரல் நகத்தின் அளவுதான், சுமார் 2 சதுர சென்டிமீட்டர். முழு வேகத்தில் ஓடும்போது கார்டு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் 120 வாட்.

இந்த 120 வாட் எங்கே போகிறது? விசிறிக்கு மின்சாரம் கொடுத்தால் காற்று நகர்கிறது. பம்ப்செட்டுக்குக் கொடுத்தால் தண்ணீர் மேலே ஏறுகிறது. செயலிக்குக் கொடுத்தால் படம் வருகிறது என்று நினைப்போம். ஆனால் படம் என்பது இயற்பியலின் கணக்கில் வேலையே இல்லை. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் திறந்து மூடுவதில் செலவாகும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. அந்த வகையில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு, கணக்குப் போடத் தெரிந்த ஹீட்டர்.

வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட். அதன் அடித்தகடு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர். ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட். நம் சில்லிலோ ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 60 வாட். அதாவது பன்னிரண்டு மடங்கு. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் கை வெந்துவிடும். அதைவிடப் பன்னிரண்டு மடங்கு நெருக்கமாக வெப்பம் பொங்கும் ஒரு பொருள் எழுபது டிகிரியோடு எப்படி நிற்கிறது? இஸ்திரிப் பெட்டியில் வெப்பம் வெளியேற நல்ல வழி இல்லை; வைக்கவும் இல்லை, ஏனென்றால் அது சூடாக இருப்பதுதான் அதன் வேலை. செயலியில் வெப்பம் பிறந்த கணமே வெளியேற ஒரு வழி போட்டிருக்கிறார்கள். அந்த வழியில் எங்கேயாவது அடைப்பு ஏற்பட்டால், இதே சில்லு இஸ்திரிப் பெட்டியை வெட்கப்பட வைக்கும்.

திக்கல் ஒரு தற்காப்பு

2001ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணைய இதழ் ஒரு வீடியோ வெளியிட்டது. கம்ப்யூட்டரில் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, மையச் செயலியின் மேலிருக்கும் உலோகத் தகட்டைக் கழற்றினார்கள். ஏஎம்டியின் அத்லான் செயலி கண்ணிமைக்கும் நேரத்தில் புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 4 சாகவில்லை. ஆட்டம் நத்தை வேகத்துக்குப் போனது. தகட்டைத் திரும்ப வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. பென்டியம் 4க்குள் ஒரு வெப்பமானி இருந்தது. சூடு எல்லை மீறினால் செயலியே தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இன்றைய எல்லாச் செயலிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. இதை வெப்பக் கடிவாளம் என்று சொல்லலாம். ஓட்டம் குறைந்தால் மின்செலவு குறையும், வெப்பமும் குறையும், செயலி பிழைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காத சூடு என்றால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும்.

ஆக, மருமகன் பார்த்த திக்கல் பழுதே அல்ல. பழுது வராமல் இருக்கக் கார்டு எடுத்துக்கொண்ட நடவடிக்கை. "கார்டு போயிருச்சு" என்பதற்கு நேர் எதிரான செய்தி. அவனிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை.

வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினோம். கூடவே ஃபர்மார்க் என்ற சோதனை மென்பொருளையும். அது கார்டை முழு வேகத்தில் வேலை வாங்குவதற்காகத் திரையில் ரோமம் முளைத்த ஒரு வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். எட்டிப் பார்த்த அக்கா, "என்னடா இது, உளுந்து வடையில பூஞ்சை பிடிச்ச மாதிரி" என்றாள். அதன்பின் எனக்கு அது வேறு எதுவாகவும் தெரியவில்லை.

அறையின் வெப்பநிலை 34 டிகிரி. வடை சுற்றத் தொடங்குவதற்கு முன் சில்லு 46 டிகிரி. தொடங்கிய ஐந்தாவது வினாடியில் 66. பிறகு நிதானமாக ஏறியது: 70, 75, 80. பன்னிரண்டாவது நிமிடத்தில் 88. அங்கே கடிவாளம் இழுபட்டது, ஓட்டம் சரிந்தது.

இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். விடை முழுக்க இதில்தான் இருந்தது. எனக்கு அப்போது பாதிதான் தெரிந்தது.

சூடு நடந்துபோகும் வழி

சில்லில் பிறந்த வெப்பம் அறைக்காற்றைச் சேர மூன்று கட்டம் தாண்ட வேண்டும்.

முதல் கட்டம், சில்லிலிருந்து செம்புத் தகட்டுக்கு. இரண்டு வழவழப்பான பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்தி வைத்தால் முழுக்கத் தொடும் என்று கண் சொல்லும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும். மேடுகள் மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும். பள்ளங்களில் காற்று. செம்பு காற்றைவிடச் சுமார் 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அப்படியானால் அந்தப் பள்ளத்துக் காற்று எவ்வளவு பெரிய தடை! அதனால்தான் இடையில் ஒரு களிம்பு பூசுகிறார்கள்: தெர்மல் பேஸ்ட். அது செம்புக்கு உறைபோடக் காணாது. ஆனால் காற்றைவிட இருநூறு மடங்குவரை மேல். பள்ளத்தை நிரப்பக் களிம்பு, தொடுகிற இடத்தில் உலோகம். அதிகம் பூசினால் அதிகக் குளிர்ச்சி என்று நினைப்பது தவறு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். கடையில் பேஸ்ட் கிடைக்காமல் பற்பசை தடவிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஈரம் இருக்கும்வரை அதுவும் வேலை செய்யும். சூட்டில் ஈரம் எத்தனை நாள் நிற்கும்?

இரண்டாம் கட்டம், தகட்டிலிருந்து துடுப்புகளுக்கு. காகிதம்போல மெல்லிய அலுமினியத் தகடுகளை வரிசையாக அடுக்கியிருப்பார்கள், அவைதான் துடுப்புகள். வெப்பத்தை அவற்றுக்கு எடுத்துச் செல்வது வெப்பக்குழாய். பென்சில் தடிமனில், பார்ப்பதற்குச் சாதாரணச் செம்புக் கம்பி போல இருக்கும். உள்ளே கம்பி இல்லை. வெற்றிடமாக்கப்பட்ட குழாயில் கொஞ்சம் தண்ணீர். உள்சுவரில் செம்புத் தூளை இறுக்கிச் செய்த, திரி போன்ற ஒரு பூச்சு. சில்லின் பக்கம் தண்ணீர் ஆவியாகிறது. காற்று இல்லாத குழாய் என்பதால் நூறு டிகிரிவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆவி மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து தண்ணீராகி, வெப்பத்தை இறக்கிவிட்டு, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் சுவர் வழியாகவே திரும்பி வருகிறது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, சத்தம் இல்லை.

இதில் தண்ணீரின் பங்கு என்ன என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்கச் சுமார் 2,400 ஜூல் வேண்டும். பள்ளிக்கூடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதுதான். 120 வாட் என்றால் வினாடிக்கு 120 ஜூல். ஆக, இருபது வினாடிக்கு ஒரு கிராம் தண்ணீர் ஆவியானால் கார்டின் வெப்பம் முழுவதும் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். குழாய்களில் இருக்கும் மொத்தத் தண்ணீர் ஒரு தேக்கரண்டியை நிறைக்காது. அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. 1944லேயே அமெரிக்காவில் ரிச்சர்ட் காக்லர் என்ற பொறியாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார், யாரும் சீந்தவில்லை. 1963ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைத் தனியாக மறுபடி கண்டுபிடித்தார், விண்கலங்களை மனதில் வைத்து. இன்று அது மருமகனின் மேசைக்கடியில் கிடக்கிறது.

மூன்றாம் கட்டம், துடுப்பிலிருந்து காற்றுக்கு, அந்தக் காற்று கேபினெட்டிலிருந்து அறைக்கு. 120 வாட் வெப்பத்தைச் சுமந்துகொண்டு காற்று பத்து டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டுமானால் வினாடிக்கு 10 லிட்டர் காற்று வேண்டும். ஒவ்வொரு வினாடியும் ஒரு வாளிக் காற்று உள்ளே வந்து வெளியே போக வேண்டும். அரை வாளிதான் போகிறது என்றால் பத்து டிகிரி இருபதாகிவிடும். காற்றோட்டத்தில் பேரம் கிடையாது.

கடிகாரம் காட்டிக்கொடுக்கிறது

மூன்று கட்டங்களில் அடைப்பு எங்கே? எல்லாவற்றையும் பிரித்துப் பார்ப்பது ஒரு வழி. பிரிக்காமலே சொல்லவும் வழி உண்டு. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சில்லு எவ்வளவு கனம்? ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. அதை ஒரு டிகிரி சூடாக்கக் கால் ஜூல் போதும். தகடு தொடாமல் தனியாக விட்டால், 120 வாட்டில் அது அறை வெப்பநிலையிலிருந்து நூறு டிகிரியைத் தாண்ட ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அத்லான் ஏன் அத்தனை வேகமாகப் புகைந்தது என்பது இப்போது விளங்கும்.

துடுப்புத் தொகுதியோ அரைக் கிலோ உலோகம். அதை ஒரு டிகிரி ஏற்ற 400 ஜூலுக்கு மேல் வேண்டும். விசிறியே சுற்றாவிட்டாலும் அது நிமிடத்துக்குப் பதினாறு டிகிரிதான் ஏறும். விசிறி சுற்றினால் இன்னும் மெதுவாக. கேபினெட்டின் காற்றும் இரும்புச் சுவரும் சூடேற அதைவிட நேரம் எடுக்கும்.

சில்லு முயல் என்றால் துடுப்பு ஆமை. சில்லுக்கும் தகட்டுக்கும் இடையே கோளாறு என்றால், வேலை தொடங்கிய முதல் சில வினாடிகளிலேயே வெப்பநிலை எகிறும். துடுப்பிலோ காற்றிலோ கோளாறு என்றால் ஏற்றம் பல நிமிடம் நிதானமாக நடக்கும். பன்னிரண்டாவது நிமிடத்தின் ரகசியம் இவ்வளவுதான்: அடைப்பு ஆமைகள் இருக்கும் பக்கம். கடிகாரம் பார்த்து வரும் பழுதல்ல அது; அரைக் கிலோ உலோகமும் ஒரு பெட்டிக் காற்றும் நிரம்பி வழிய ஆகும் நேரம்.

மருமகன் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்ப ஃபேன் போயிருச்சா மாமா? சும்மா இருக்கிறப்ப ரெண்டு ஃபேனும் நின்னுதான் கிடக்கு."

பலரும் ஏமாறும் இடம் இது. இன்றைய கார்டுகள் பலவற்றில், வேலை இல்லாதபோது சத்தம் வேண்டாம் என்று விசிறியை வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருப்பார்கள். சூடு ஐம்பதையோ அறுபதையோ தாண்டினால் தானே சுற்றும். வடையை ஓடவிட்டுக் காட்டினேன், இரண்டும் சுற்றின. ஒன்று மட்டும் தொடங்கும்போது லேசாகக் கரகரத்தது. அதன் ஆயுசு நெருங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் இன்றைய குற்றவாளி அது அல்ல.

பக்கக் கதவு

அடுத்த சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு வடையை ஓடவிட்டோம். 88 இருந்த இடத்தில் 79. ஒன்பது டிகிரி!

கதவைத் திறந்தால் சூடு நன்றாகக் குறைகிறது என்றால் கேபினெட்டுக்குள் காற்று சிறைப்பட்டிருக்கிறது என்று பொருள். குறையவே இல்லை என்றால் கார்டுக்குள்தான் பார்க்க வேண்டும். உறுதிப்படுத்திக்கொள்ள, கதவை மூடி, அக்காவின் தெர்மாமீட்டரின் கம்பியை கார்டு விசிறியின் வாயருகே நுழைத்து வைத்தேன். 46 டிகிரி. வெளியே 34. பாவம் அந்தக் கார்டு, மே மாத மதுரையில் இருப்பதோடு, அதற்குள்ளேயே இன்னொரு அக்னி நட்சத்திரத்தில் உட்கார்ந்திருந்தது.

இனி 88ஐப் பங்கு பிரிக்கலாம். அறை 34. கேபினெட் சேர்த்தது 12. முதல் ஐந்து வினாடியில் எகிறியது 20. அது சில்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள பங்கு. மீதி 22 துடுப்புக்கும் காற்றுக்கும் இடையில். வெப்பநிலை என்பது ஒரே எண்ணல்ல, கட்டத்துக்குக் கட்டம் வசூலான சுங்கத்தின் கூட்டுத்தொகை. எந்தச் சாவடியில் அதிகம் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

கேபினெட் முகப்பில் காற்று நுழையும் இடத்தில் ஒரு வலை. அதை இழுத்தபோது துணி மாதிரி கையோடு வந்தது: சாம்பல் நிறத் தூசிப் படலம், அதில் தலைமுடி, பஞ்சு, ஒரு கொசுவின் உடம்பு. கார்டை வெளியே எடுப்பதற்கு முன் மின்இணைப்பைப் பிடுங்கினோம். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பில் தேங்கியிருந்த நிலைமின்சாரத்தை இறக்கினோம். கார்டை மேலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் இருந்தது. விசிறியைக் கழற்றியதும் கதை மாறியது. விசிறிக்கும் துடுப்புக்கும் நடுவே, துடுப்புகளின் விளிம்பில், கம்பளி விரித்ததுபோல அரை சென்டிமீட்டர் தூசி. காற்று நுழையவே வழி இல்லை. தூசியின் தந்திரம் இதுதான். அது வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாக இருப்பதைவிட, காற்றைத் தடுக்கும் கதவாக இருப்பதே பெரிய தீங்கு. விசிறி முழு வேகத்தில் கத்தும், காற்று போகாது. மிளகாய் அரைக்கும் சத்தம் அங்கிருந்துதான்.

காய்ந்த பெயின்ட் பிரஷால் தள்ளி, புளோயரால் ஊதினோம். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது தாறுமாறான வேகத்தில் சுற்றி பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். ஈரத்துணிக்கு இங்கே வேலை இல்லை. வாசல் திண்ணையில் வைத்து ஊதியதில் பக்கத்து வீட்டுக்காரர் காயப்போட்ட வேட்டி கொஞ்சம் நிறம் மாறியதை யாரும் பேசிக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி, கதவை மூடி, ஓடவிட்டோம். 76. கேபினெட்டின் பங்கு 12லிருந்து 8 ஆயிற்று. துடுப்பின் பங்கு 22லிருந்து 14. திக்கல் இல்லை. மருமகன் என்னைக் கட்டிப்பிடித்தான். நானும் கையைக் கழுவிக்கொண்டு காபி கேட்டேன்.

நான் கவனிக்காத இருபது

காபி குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தபோதுதான் இன்னொரு வரி கண்ணில் பட்டது. ஹாட் ஸ்பாட்: 99.

சில்லில் ஒரே ஒரு வெப்பமானி இல்லை; பல இருக்கின்றன. அவற்றுள் மிகச் சூடான புள்ளியைக் காட்டுவது இந்த எண். சில்லின் எல்லா மூலையும் ஒரே அளவு உழைப்பதில்லை என்பதால் பொது வெப்பநிலைக்கும் இதற்கும் பத்து, பதினைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. இங்கே வித்தியாசம் 23. சில்லின் ஏதோ ஒரு மூலையில் வெப்பம் தகட்டுக்குப் போக முடியாமல் தவிக்கிறது.

அப்போதுதான் அந்த முதல் ஐந்து வினாடி நினைவுக்கு வந்தது. 46லிருந்து 66. தூசி தட்டிய பிறகும் அந்த இருபது அப்படியே இருந்தது. மெதுவான ஏற்றத்தைப் பார்த்து ஆமையைப் பிடித்த மகிழ்ச்சியில் முயலைக் கோட்டை விட்டிருந்தேன். நோய் ஒன்றல்ல, இரண்டு.

மறுநாள் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு கடையில் பேஸ்ட் வாங்கினோம், ஊசி மருந்துக் குழல் மாதிரி ஒரு குழலில். கார்டைத் திருப்பி, சில்லைச் சுற்றியிருந்த நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி, தகட்டை மெல்லத் திருகி எடுத்தோம். பழைய பேஸ்ட் சுண்ணாம்புக் காரைபோலக் காய்ந்து வெடித்திருந்தது. அதைவிடச் சுவாரசியம், சில்லின் நடுவில் அது இல்லவே இல்லை. எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கிக் கிடந்தது. சூடாகும்போது சில்லும் தகடும் கொஞ்சம் விரியும், வளையும். ஆறும்போது பழைய இடத்துக்கு வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இந்த மூச்சு நடக்கும். ஆயிரம் மூச்சில் களிம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே பிதுக்கப்பட்டுவிடுகிறது.

ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்ததும் சில்லு கண்ணாடிபோல முகம் காட்டியது. மெல்லிய படலமாகப் புதுப் பேஸ்ட், மூலை முடுக்கெல்லாம் மூடும்படி. ஸ்க்ரூக்களை வரிசையாக முறுக்காமல் குறுக்கே குறுக்கே கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம், கார் டயரை மாட்டுவதுபோல. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். நினைவகச் சில்லுகளின் மேலிருந்த மெத்தென்ற பட்டைகளைக் கிழிக்காமல் அதே இடத்தில் வைத்தோம். அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பேஸ்ட் தடவுகிறவர்கள் உண்டு. பட்டை நிரப்புவது ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதைக் களிம்பால் நிரப்ப முடியாது.

ஓடவிட்டோம். ஐந்தாவது வினாடியில் ஏறியது 12 டிகிரிதான். பன்னிரண்டாவது நிமிடத்தில் 68. கணக்கு நேராக வந்தது: 34, அதோடு 8, அதோடு 14, அதோடு 12. ஹாட் ஸ்பாட் 80.

தண்ணீர் குறைந்த கார்டுகள்

பேஸ்டும் தூசியும் நம் கைக்கு எட்டும் கட்டங்கள். நடுவிலுள்ள வெப்பக்குழாய் எட்டாது. அது கெட்டால் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2022 டிசம்பரில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகளில் சிலவற்றின் ஹாட் ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டு, கடிவாளம் இழுபட்டது. பேஸ்ட் மாற்றியும் தீரவில்லை. விநோதம் என்னவென்றால், கார்டைப் படுக்க வைக்கிறோமா நிமிர்த்தி வைக்கிறோமா என்பதைப் பொறுத்து வெப்பநிலை மாறியது.

படுக்கிற திசை மாறினால் மாறக்கூடியது எது? உலோகத்துக்குத் திசை தெரியாது. களிம்புக்கும் தெரியாது. புவியீர்ப்பு இழுக்கக்கூடியது ஒரு திரவம்தான். அந்தக் கார்டில் குழாய்க்குப் பதில் தட்டையான ஆவியறை, தத்துவம் அதேதான். சில கார்டுகளில் அதற்குள் விட்ட தண்ணீர் போதவில்லை என்று 2023 ஜனவரியில் ஏஎம்டி ஒப்புக்கொண்டு, அவற்றை மாற்றித் தந்தது. கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தே, மூடிய செம்புக்குள் தண்ணீர் குறைவு என்று ஊகிக்க முடிந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

ஒரு பழைய வைத்தியத்தையும் சொல்லிவிடலாம்: செத்த கார்டை ஓவனில் வைத்து வேகவைப்பது. 2008 ஜூலையில் என்விடியா, தன் மடிக்கணினி வரைகலைச் செயலிகளில் சில செயலிழப்பதற்காகப் 15 முதல் 20 கோடி டாலர்வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சில்லையும் அதன் அடித்தளத்தையும் இணைக்கும் நுண்ணிய ஈயப்பற்றுப் புள்ளிகள், சூடாகி ஆறி, சூடாகி ஆறி, வெடிப்பு விட்டன. இரும்புக் கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தி ஒடிப்போமே, அதேபோல. ஓவனில் வைத்தால் வெடிப்பு தற்காலிகமாக ஒட்டும். சில நாளில் மறுபடி விடும். அந்த ஓவனில் பிறகு கேக் செய்யாதீர்கள்.

இன்னும் கொஞ்சம்

மருமகனின் திரை வினாடிக்கு 60 படம் காட்டுவது. ஆனால் கேமின் முகப்புப் பக்கம் திறந்திருக்கும்போது கார்டு வினாடிக்கு 300 படத்துக்கு மேல் வரைந்துகொண்டிருந்தது. 240 படங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. வெறும் பட்டனும் பெயரும் இருக்கிற அந்தப் பக்கத்தில் கார்டு ஆட்டத்தில் இருப்பதைவிட அதிகம் சூடானது. அமைப்பில் 60க்கு வரம்பு வைத்தோம். இதற்கு ஒரு ஸ்க்ரூவும் கழற்ற வேண்டியதில்லை.

மின்னழுத்தத்தைக் குறைக்கலாமா என்று கேட்டான். அவன் எங்கோ படித்திருக்கிறான். கேட்டதில் பிழையில்லை: அதே வேகத்தில் மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். தயாரிப்பாளர்கள் எல்லாச் சில்லுக்கும் பொதுவாக, கொஞ்சம் தாராளமாகவே மின்னழுத்தம் வைக்கிறார்கள். நல்ல சில்லுக்கு அத்தனை தேவைப்படாது. அதிகம் குறைத்தால் ஆட்டம் நடுவில் உறைந்து நிற்கும். அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கு அவனிடம் விடுமுறை முழுக்க நேரம் இருந்தது.

அன்று மாலை அக்கா அறைக்குள் வந்து கேபினெட்டின் பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தாள்.

"சூடு குறைஞ்சிருச்சுன்னீங்க. அனல் அப்படியேதான வருது?"

"உள்ள குறைஞ்சிருச்சும்மா. 88 இருந்தது 68."

"ரூம்புல குறையலையே?"

நானும் மருமகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 120 வாட் 120 வாட்தான். முன்பு அது கார்டுக்குள் தேங்கி நின்றது. இப்போது தடையில்லாமல் அறைக்கு வருகிறது. போதாததற்கு, முன்பு பன்னிரண்டாவது நிமிடத்தில் கடிவாளம் இழுபட்டு அது குறைந்தாவது போகும். இப்போது அவன் எத்தனை மணி நேரம் ஆடினாலும் முழுசாக வரும்.

அக்கா வெயிலுக்காகச் சாத்தி வைத்திருந்த ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள்.